வாசகர் கேள்வி – பதில்: வேப் கருவிக்குக் கூடுதல் விலை கொடுப்பதால் என்ன கிடைக்கிறது?

மின் சிகரெட், அதாவது பேச்சுவழக்கில் வேப் என்று சொல்லப்படும் கருவியைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், விலை குறைந்ததை வாங்குவதா, விலை உயர்ந்ததை வாங்குவதா என்ற கேள்வியே பலவற்றிலும் இருந்தது. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் விரிவாகப் பதில் எழுதுகிறேன். இந்தியா, சிங்கப்பூர், தாய்லாந்து உள்ளிட்ட பல நாடுகளில் இக்கருவிகளின் விற்பனையே சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் வைத்திருப்பதும் குற்றம். அந்நாடுகளில் இருப்பவர்கள் புகைப்பழக்கத்தைக் கைவிட, மருத்துவரின் துணையோடு நிகோட்டின் பேட்ச், சூயிங்கம், மாத்திரை ஆகியவற்றையே நாட வேண்டும். கீழே உள்ள பதில்கள், சட்டம் அனுமதிக்கும் இடத்தில் வாழும், ஏற்கெனவே புகைபிடிக்கும் வயதுவந்தோருக்கானவை.

கேள்வி: இருபது ஆண்டுகளாகச் சிகரெட் புகைத்து வருகிறேன். நிகோட்டின் சூயிங்கம், பேட்ச் இரண்டும் எனக்குப் பலன் தரவில்லை. வேப் கருவிக்கு மாறிப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். விலை குறைந்த சிறிய பாட் கருவி (ஆவியாக்கும் நிகோட்டின் திரவம் அடங்கிய சிறு கூட்டைச் செருகும் வகை) ஒன்றையும், திரையும் உலோக உடலும் கொண்ட, அதைப்போல் ஐந்தாறு மடங்கு விலையுள்ள மற்றொன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். மலிவானதை வாங்கினால் திரும்பவும் சிகரெட்டுக்கே போய்விடுவேன் என்று நண்பர் எச்சரிக்கிறார். நான் எதை வாங்க வேண்டும்?

பதில்: விலை குறைந்ததை வாங்குங்கள். ஆனால் அது பெயர் தெரிந்த தயாரிப்பாளருடையதாக இருக்க வேண்டும். திரவத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். அதற்குரிய பாட் என்னும் கூடு அல்லது காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பி) தடையின்றிக் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், தொடக்கத்தில் உங்களுக்கு வேறெதுவும் தேவையில்லை.

உங்கள் நண்பரின் எச்சரிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதற்கு ஒரு நல்ல ஆய்வைச் சொல்கிறேன். பிரிட்டனில் புகைப்பழக்கத்தைக் கைவிட உதவி நாடி வந்த 886 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு பேட்ச், சூயிங்கம் போன்றவற்றையும் மற்றவர்களுக்கு வேப் கருவியையும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். முடிவுகள் 2019ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியாயின. ஓராண்டுக்குப் பிறகு சிகரெட்டைத் தொடாமல் இருந்தவர்கள், வேப் பிரிவில் 18 சதவீதம், மற்றதில் 9.9 சதவீதம். இதில் உங்கள் கேள்விக்கு உரிய விவரம் என்னவென்றால், அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது உயர்ரகக் கருவி எதுவும் அன்று. திரவம் நிரப்பும் எளிய தொடக்கநிலைக் கருவி ஒன்றும், மில்லிலிட்டருக்கு 18 மி.கி. நிகோட்டின் கொண்ட ஒரு குப்பித் திரவமும்தான். இரு பிரிவினருக்கும் வாரந்தோறும் ஆலோசனையும் வழங்கப்பட்டது. ஆகவே கூடுதலாகச் செலவழிக்க உங்களிடம் வசதி இருந்தால், அதைக் கருவியின் மீது செலவழிப்பதைவிட அத்தகைய ஆலோசனையைப் பெறச் செலவழிப்பது மேல்.

அப்படியானால் கூடுதல் விலை எதற்குத்தான் என்று கேட்பீர்கள். அதற்கு, கருவிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாட்டுக்குள் இருக்கும் பஞ்சு, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலத் திரவத்தை உறிஞ்சி, காயில் எனப்படும் மெல்லிய உலோகக் கம்பியையோ வலையையோ ஈரமாக வைத்திருக்கிறது. நீங்கள் இழுக்கும்போது பேட்டரியின் மின்சாரம் காயிலைச் சூடாக்க, திரவம் ஆவியாகிறது. எவ்வளவு சூடாகும் என்பதை மின்னழுத்தமும் காயிலின் மின்தடையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் 4.2 வோல்ட், தீரத் தீர அது 3.4 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். காயிலின் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் ஏறக்குறைய 17.6 வாட் கிடைத்த இடத்தில், பின்னர் 11.6 வாட்தான் கிடைக்கும். பேட்டரியின் மின்னழுத்தத்தை அப்படியே காயிலுக்கு அனுப்பும் மிக எளிய கருவிகளில் காலையில் தொண்டையில் நன்றாகப் பட்ட ஆவி மாலையில் சப்பென்று ஆகிவிடுவதற்குக் காரணம் இதுதான். அந்த மாலை நேரத்தில்தான் பலருக்குக் கை தானாகவே சிகரெட்டைத் தேடுகிறது. உங்கள் நண்பர் இதைப் பார்த்திருக்கலாம்.

நல்ல மின்சுற்று கொண்ட கருவி இந்த ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்து, பேட்டரி தீரும்வரை ஒரே அளவு ஆற்றலைத் தரும். ஒரு காலத்தில் இது விலை உயர்ந்த கருவிகளுக்கே உரியதாக இருந்தது. இப்போது பெயர் பெற்ற தயாரிப்பாளர்களின் மலிவான பாட் கருவிகள் பலவற்றிலும் இருக்கிறது. மின்குறுக்கு (ஷார்ட் சர்க்யூட்) பாதுகாப்பு, மிகையாகச் சார்ஜ் ஏறுவதைத் தடுப்பது, பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து இழுத்தால் தானாக நிறுத்துவது ஆகியவையும் அப்படியே. வாங்கும்முன் விவரக் குறிப்பில் இவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எழுதப்படவில்லை என்றால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

விலை உயர்ந்த கருவியில் உண்மையிலேயே கூடுதலாகக் கிடைப்பவை வேறு. வாட் அளவை நுணுக்கமாக மாற்றலாம். காற்று வரும் துளையைக் கூட்டிக் குறைக்கலாம். பேட்டரியைத் தனியே கழற்றி மாற்றலாம். கீழே விழுந்தால் உடல் தாங்கும். சிலவற்றில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதியும் உண்டு. இந்தக் கடைசி வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. எஃகு, நிக்கல், டைட்டானியம் கம்பிகளின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறிப்பிட்ட விகிதத்தில் கூடும். அந்த மாற்றத்தைக் கணக்கிட்டு, பஞ்சு காயத் தொடங்கினால் கருவி தானே ஆற்றலைக் குறைத்துவிடுகிறது. ஆனால் மிகப் பரவலாகப் பயன்படும் காந்தால் என்ற கலப்புலோகக் கம்பியின் மின்தடை சூட்டினால் அவ்வளவாக மாறாது என்பதால், அந்தக் காயிலைப் போட்டுவிட்டு இந்த வசதிக்காகப் பணம் கொடுத்திருந்தால் அது வீண். திரையின் நிறம், தோல் உறை, மின்னும் விளக்கு ஆகியவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்லிவிடுகிறேன். வேப் கருவியும் வைத்துக்கொண்டு, நாளுக்கு இரண்டு மூன்று சிகரெட்டும் பிடிப்பது போதுமான முன்னேற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதயநோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கிறது என்று 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட பகுப்பாய்வு காட்டியது. நாள் குறித்து, அன்றோடு சிகரெட்டை முற்றிலும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது மலிவான கருவி. காயில் மூன்று நான்கு நாட்களிலேயே கருகிய நாற்றம் அடிக்கத் தொடங்குகிறது. மாற்றி மாற்றியே பணம் கரைகிறது. விலை உயர்ந்த கருவிக்கு மாறினால் காயில் நீடித்து உழைக்குமா?

பதில்: கருவியை மாற்றும் முன், அம்மா, திரவத்தைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் எந்தத் திரவம் என்று எழுதவில்லை. ஆயினும் பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

திரவம் என்பது முதன்மையாக இரண்டு பொருள்களின் கலவை. புரோபிலீன் கிளைக்கால் நீர்த்தது. தாவரக் கிளிசரின் கெட்டியானது. பெரிய டேங்க் கருவிகளுக்காகத் தயாரிக்கப்படும் திரவத்தில் கிளிசரின் 70 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். அதைச் சிறிய பாட் கருவியில் ஊற்றினால், சின்னத் துளைகள் வழியே பஞ்சு அதை வேகமாக உறிஞ்ச முடியாமல், அடுத்தடுத்து நான்கு முறை இழுத்தாலே நடுப்பகுதி காய்ந்து கருகிவிடும். சிறிய பாட்டுக்கு இரண்டும் சமபாதி உள்ள திரவமே ஏற்றது.

இரண்டாவது, இனிப்பு. பழ வாசனையும் மிட்டாய்ச் சுவையும் உள்ள பல திரவங்களில் சுக்ரலோஸ் சேர்க்கிறார்கள். அது சூட்டில் ஆவியாகாமல் கம்பியின் மேல் கருகிப் படிகிறது. பழைய காயிலைக் கழற்றிப் பாருங்கள். கம்பியைச் சுற்றிக் கரிய, ஒட்டும் பாகு போன்ற மேலோடு இருந்தால் காரணம் அதுதான். இனிப்பில்லாத திரவத்தில் அதே காயில் ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை உழைப்பது சாதாரணம்.

மூன்றாவது, புதுக் காயிலைப் போடும் முறை. காயிலின் பக்கவாட்டுத் துளைகளில் வெள்ளைப் பஞ்சு தெரியும். அங்கே ஒவ்வொரு துளி திரவம் விட்டு, பஞ்சு ஊறி வெண்மை மங்கும்வரை பொறுங்கள். பாட்டை நிரப்பிய பிறகு பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். பொத்தானை அழுத்தாமல் இரண்டு மூன்று முறை மெதுவாக உறிஞ்சுங்கள். அதன்பின் குறைந்த வாட்டில் தொடங்குங்கள். இதைச் செய்யாமல் உடனே இழுத்தால், முதல் இழுப்பிலேயே பஞ்சு கருகிவிடும். கருகிய பஞ்சு எக்காரணத்தைக் கொண்டும் சரியாகாது.

இத்தனையும் செய்தும் மூன்று நாளில் கருகினால், அந்தக் கருவியில் குறை இருக்கலாம். அப்போது மாற்றுங்கள். ஆனால் மாற்றும்போது கருவியின் விலையை மட்டும் பார்க்காமல், ஓராண்டில் காயிலுக்கும் திரவத்துக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். கருவி ஒருமுறை வாங்குவது. மற்றவை மாதந்தோறும் வாங்குபவை. காயில் தனியாகவும் பாட் தனியாகவும் உள்ள கருவியில் காயிலை மட்டும் மாற்றினால் போதும். இரண்டும் ஒட்டியே வருவதில் முழுப் பாட்டையும் எறிய வேண்டும். திரவம் அடைத்தே விற்கப்படும் மூடிய பாட் வகையில் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் ஆகும் விலை, குப்பியில் வாங்குவதைக் காட்டிலும் மிக அதிகம். கருவியை மலிவாகக் கொடுத்து, பாட் விற்பனையில் பணம் பார்க்கும் வியாபாரம் அது.

கேள்வி: என் அண்ணன் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியிருக்கிறார். மலிவான கருவிகள் சட்டைப்பையிலேயே வெடிக்கின்றன என்று படித்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். விலை உயர்ந்தது வாங்கிக் கொடுத்தால் பாதுகாப்பா?

பதில்: விபத்துகள் நடந்திருப்பது உண்மை. அமெரிக்காவில் 2018இலும் 2019இலும் கருவி வெடித்துச் சிதறியதில் உயிரிழப்பும் நேர்ந்தது. ஆனால் விலையைப் பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்வது இங்கே மிகவும் ஆபத்தான தவறு. ஏனென்றால் மின்சுற்றுப் பாதுகாப்பு அறவே இல்லாத கருவிகளில் சில, மிக விலை உயர்ந்தவை. மெக்கானிக்கல் மாட் என்று அழைக்கப்படும் அவை, செம்பிலோ பித்தளையிலோ அழகாகக் கடைந்து செய்யப்பட்ட குழாய்கள். உள்ளே பேட்டரியும் ஒரு பொத்தானும் தவிர வேறெதுவும் இல்லை. அதில் 0.15 ஓம் காயிலைப் பொருத்தி, முழுச் சார்ஜில் அழுத்தினால் 28 ஆம்பியர் மின்சாரம் பாயும். தொடர்ச்சியாக 20 ஆம்பியர் மட்டுமே தாங்கக்கூடிய பேட்டரி உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை. உங்கள் அண்ணன் எதை வைத்திருந்தாலும், இந்த வகையை மட்டும் அவர் தொட வேண்டாம்.

பேட்டரி உள்ளேயே பொதிந்த சிறு பாட் கருவி, அது பெயர் தெரிந்த தயாரிப்பாளருடையதாக இருந்தால், வீட்டார் அஞ்சவேண்டிய அளவுக்கு ஆபத்தானதன்று. கழற்றி மாற்றும் பேட்டரி உள்ள பெரிய கருவியில்தான் கவனம் கூடுதலாகத் தேவை. உதிரி பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் போட்டுக்கொள்வதால் மின்குறுக்கு ஏற்பட்டுத் தொடையில் தீக்காயம் பட்டவர்கள் பலர். கருவிக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு உதிரி பேட்டரிக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். பேட்டரியின் மேலுறையில் சிறு கிழிசல் தெரிந்தாலும், குறிப்பாக நேர்முனையைச் சுற்றிய வெள்ளை வளையம் சிதைந்திருந்தாலும், அதைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு பேட்டரி போடும் கருவியில் இரண்டும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே வகையாக, எப்போதும் சேர்த்தே சார்ஜ் செய்பவையாக இருக்க வேண்டும்.

போலிகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். 18650 என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள பேட்டரி. அந்த உருவத்துக்குள் 3,600 மில்லி ஆம்பியர்-மணி அளவுக்கு மேல் அடைப்பது மிக அரிது. மேலே 6,000 என்றோ 9,900 என்றோ அச்சிட்டிருந்தால் அது பொய். கொள்ளளவைப் பற்றிப் பொய் சொல்பவர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதிலும் பொய் சொல்வார்.

சார்ஜ் செய்யும்போது படுக்கையின் மேல் வைக்க வேண்டாம், இரவு முழுவதும் விட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். விமானப் பயணத்தில் கருவியும் பேட்டரியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்காக அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது.

கேள்வி: ஆறு மாதமாகச் சிறு பாட் கருவியில், மில்லிலிட்டருக்கு 20 மி.கி. நிகோட்டின் கொண்ட திரவம் பயன்படுத்தி நிம்மதியாக இருந்தேன். அண்மையில் 80 வாட் வரை போகும் உயர்ரகக் கருவி வாங்கி, அதே திரவத்தை ஊற்றி இழுத்தேன். தலை சுற்றி, வாந்தி வருவதுபோல் ஆகி, நெஞ்சு படபடத்தது. கருவியில் கோளாறா?

பதில்: கருவியில் கோளாறு இல்லை. உடனே அந்தத் திரவத்தை அதிலிருந்து கொட்டிவிடுங்கள். படபடப்பு இன்னும் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

உங்களுக்கு நேர்ந்தது நிகோட்டின் மிகை. விற்பவர்கள் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. பாட் கருவியில் காயிலின் மின்தடை 0.8 முதல் 1.2 ஓம் வரை, ஆற்றல் 10 முதல் 15 வாட் வரை இருக்கும். சிகரெட் புகையை முதலில் வாயில் வாங்கிப் பிறகு நுரையீரலுக்கு இழுப்பதுபோலவே அதில் இழுக்கிறோம். ஓர் இழுப்பில் ஆவியாகும் திரவம் மிகக் குறைவு. அதனால் அதில் நிகோட்டின் செறிவு அதிகமாக இருப்பது பொருத்தமே. பெரிய கருவியில் 0.2 ஓம் காயிலும் 60 வாட் ஆற்றலும் சேரும்போது, ஆவி நேரே நுரையீரலுக்குப் போகிறது. ஓர் இழுப்பில் ஆவியாகும் திரவம் பல மடங்கு. அதற்கு 3 மி.கி. அல்லது மிஞ்சிப்போனால் 6 மி.கி. திரவமே உரியது. நீங்கள் பயன்படுத்தியது நிகோட்டின் சால்ட் (நிகோட்டினோடு அமிலம் சேர்த்தது) வகையாக இருந்தால், அது தொண்டையில் உறுத்தாத இயல்புடையது என்பதால், மிகையாகப் போகிறது என்ற எச்சரிக்கைகூட உங்களுக்குக் கிடைத்திருக்காது.

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. பாட் கருவியில் நாளுக்கு இரண்டு மூன்று மில்லிலிட்டரில் நிறைவடைந்த ஒருவர், பெரிய கருவியில் எட்டு, பத்து மில்லிலிட்டர் வரை செலவழிப்பது வழக்கம். திரவத்தின் செறிவு குறைவு என்பதால் நிகோட்டின் ஏறக்குறைய அதே அளவு உள்ளே போகலாம். ஆனால் அதைச் சுமந்து செல்லும் ஆவியும் வாசனைப் பொருளும் மூன்று நான்கு மடங்காகிவிடும். ஆறு மாதம் நிம்மதியாக இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை உங்களுக்கு நல்லது பழைய கருவிதான்.

கேள்வி: விலை உயர்ந்த கருவியின் ஆவி, மலிவான கருவியின் ஆவியைவிடத் தூய்மையானது என்று விளம்பரம் செய்கிறார்களே, அது மெய்யா?

பதில்: அப்படிச் சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அன்றாடம் வேப் பயன்படுத்தும் 56 பேரின் சொந்தக் கருவிகளை வாங்கிச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குப்பியில் இருந்த திரவத்தில் மிகக் குறைவாக இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் ஆகியவை, காயிலைத் தொட்டு வந்த ஆவியில் கூடியிருந்தன. அவை மலிவான சிறு கருவிகள் அல்ல. ஆற்றலைக் கூட்டிக் குறைக்கும் டேங்க் வகைக் கருவிகள். காயில் உலோகம் என்பதும் அது சூடாகிறது என்பதும் எல்லா விலைக்கும் பொது.

மேலும், கூட்டிக் குறைக்கும் அந்த வசதியே சிலருக்குக் கேடாக முடிகிறது. ஒரே திரவத்தை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் சூடாக்கிப் பார்த்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், குறைந்த மின்னழுத்தத்தில் தென்படாத ஃபார்மால்டிஹைட் சேர்மம் உயர்ந்த மின்னழுத்தத்தில் தென்பட்டது. அவ்வளவு கருகிய ஆவியை எந்த மனிதரும் இழுக்கமாட்டார் என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சூடு கூடக் கூடத் திரவம் சிதைகிறது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காயிலின் மேல் பொறித்திருக்கும் வாட் வரம்பில் கீழ்ப்பாதியிலேயே இருப்பது நல்லது.

கருவியைவிட உள்ளே ஊற்றுவதுதான் முக்கியம் என்பதை 2019ஆம் ஆண்டு அமெரிக்க நிகழ்வு கொடூரமாகக் காட்டியது. நுரையீரல் திடீரெனப் பழுதடைந்து 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாக அல்லது இறந்ததாக 2020 பிப்ரவரி வரையிலான கணக்கு. அவர்களில் 68 பேர் இறந்தனர். கஞ்சாச் சத்து அடங்கிய, பெரும்பாலும் முறையற்ற வழியில் வாங்கிய திரவத்தில் கெட்டித்தன்மைக்காகக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்டே முதன்மைக் காரணம் என்று கண்டறிந்தார்கள். யார் தயாரித்தது, என்ன கலந்தது என்று எழுதாத குப்பியை, எந்த விலைக் கருவியிலும் ஊற்றாதீர்கள். நிகோட்டின் திரவக் குப்பியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பூட்டி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவான 20 மி.கி. செறிவுள்ள 10 மி.லி. குப்பியில் 200 மி.கி. நிகோட்டின் இருக்கிறது, அது ஒரு சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: எனக்கு 19 வயது. சிகரெட் பிடித்ததில்லை. நண்பர்கள் வேப் பயன்படுத்துகிறார்கள். தொடங்குவதற்கு எந்தக் கருவி நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம், தம்பி. மேலே எழுதிய எல்லாமே, சிகரெட் என்ற பெரிய தீங்கில் ஏற்கெனவே சிக்கியவர் அதைக் காட்டிலும் குறைந்த தீங்குக்கு இறங்கி வருவதைப் பற்றியது. உனக்கு இறங்கி வர ஒன்றும் இல்லை. இருபத்தைந்து வயதுவரை மூளை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வயதில் நிகோட்டின் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். நண்பர்கள் நீட்டினால் வாங்காதே. சங்கடமாக இருந்தால், மூச்சுத் தொந்தரவு என்று சொல்லிவிடு.

கேள்வி: சிகரெட்டை விட்டு ஓராண்டாகிறது. மலிவான பாட் கருவிதான் எனக்குக் கைகொடுத்தது. அது பழசாகிவிட்டது. ஓராண்டு முடிந்ததற்கு நானே எனக்குப் பரிசாக, நல்ல உயர்ரகக் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?

பதில்: முதலில் என் மனமார்ந்த வாழ்த்து. ஓராண்டு என்பது பெரிய சாதனை. அதைச் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் பரிசு அதுவாக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பதிலில் குறிப்பிட்ட அதே பிரிட்டிஷ் ஆய்வில், வேப் பிரிவில் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதத்தினர் ஓராண்டு முடிவிலும் வேப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிரிவில் பேட்ச், சூயிங்கத்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதத்தினரே. புதுக் கருவி, புதுச் சுவை, புது வசதி என்று பொழுதுபோக்காக அது மாறும்போது விடுவது மேலும் கடினமாகிறது. பல ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தினால் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் என்ன ஆகும் என்பதைக் காட்டும் நீண்டகால ஆய்வுகள் இன்னும் போதிய அளவில் இல்லை. ஆகவே விட முடிகிறவர்கள் விட்டுவிடுவதே நல்லது.

அவசரம் வேண்டாம். சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவோமோ என்ற பயம் சிறிதும் இல்லை என்று உறுதியானபின் தொடங்குங்கள். பழைய கருவியின் பேட்டரி இன்னும் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் அதே மலிவான வகையில் மற்றொன்று போதும். திரவத்தின் செறிவை ஒரேயடியாகக் குறைக்காமல், 20 மி.கி.யிலிருந்து 12க்கு, பிறகு 6க்கு என்று, ஒவ்வொரு படியிலும் சில வாரங்கள் நின்று இறங்குங்கள். செறிவைக் குறைத்ததும் இழுப்பின் எண்ணிக்கை கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் அந்தப் படிக்கு நீங்கள் இன்னும் தயாராகவில்லை. காலையில் எழுந்து முதல் இழுப்புக்கு முன் விடும் இடைவெளியை அரைமணி, ஒருமணி என்று நீட்டுவது பலருக்கு நன்றாகப் பலிக்கிறது. வீட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் என்று வரையறுத்துக்கொள்வதும் அப்படியே. நடுவில் சிகரெட் ஆசை தலைதூக்கினால், தயங்காமல் முந்திய செறிவுக்குப் போய்விடுங்கள்.

பழைய கருவியை எறியும்போது குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி, குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பற்றும். மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் கொடுங்கள். அதுவரை, பாட்டைக் கழற்றித் திரவத்தை நீக்கிவிட்டு, முனைகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டி வையுங்கள்.